கிள்ளானில் ரயில் படம் போட்ட கதை

கலாசார அலுவலகங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் உங்கள் கழுத்தில் தொங்கும் அந்த அட்டையைக் கழற்றி மேசை மேல் வையுங்கள். அதை மாட்டிக்கொண்டு கேட்டால் நான் சொல்வது உங்கள் மண்டையில் ஏறாது.

கோலாலம்பூரில் ஒரு ஜப்பானியக் கலாசார அலுவலகத்தில், என் தலைமுடி கறுப்பாக இருந்த காலம் முதல் சாயம் பூசத் தொடங்கிய காலம் வரை வேலை பார்த்தேன். நிகழ்ச்சி அதிகாரி என்று பெயர். ஜப்பானிய மொழி படித்த தமிழச்சி என்பதால் மேடை மொழிபெயர்ப்பும் என் தலையில்தான் விழும். வருஷா வருஷம் ஜப்பானியத் திரைப்பட விழா நடத்துவோம். விழா என்றால் உட்கார்ந்து நல்ல சினிமா பார்க்கலாம் என்று நம்பித்தான் நானும் சேர்ந்தேன். கிழிந்தது போங்கள்.

அந்த வேலை என்னவென்று சொல்கிறேன். ஒரு நாட்டைப் பற்றி இன்னொரு நாட்டுக்காரன் நல்லபடியாக நினைக்க வேண்டும். அப்படி நினைக்க வைக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியவும் கூடாது. இலவசமாகப் படம் காட்டு, வாசலில் காகித விசிறி கொடு, கிமோனோ மாட்டிவிட்டுப் புகைப்படம் எடுக்கச் சொல், வெளியே போகிறவனிடம் 'ஜப்பான்மேல் உங்கள் மதிப்பு கூடியதா?' என்று ஒரு தாளை நீட்டு. ஓசியில் படம் பார்த்து விசிறியும் வாங்கிக்கொண்டவன் கூடவில்லை என்றா எழுதுவான்? அந்தத் தாள்களைக் கட்டி வைத்துக்கொண்டு, மலேசியாவில் நல்லெண்ணம் பொங்கி வழிகிறது என்று தோக்கியோவுக்கு அறிக்கை எழுதுவோம். இதற்குக் கலாசார ராஜதந்திரம் என்று பெயர். எல்லா நாடுகளும் இதே வியாபாரம்தான் செய்கின்றன. ஜப்பான்காரர்கள் கொஞ்சம் சுத்தபத்தமாகச் செய்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு முன்னால் மேடையில் மொழிபெயர்த்தவர் ஒரு சீன அம்மாள். படு கெட்டிக்காரி. ஒருமுறை ஜப்பானிலிருந்து ஒரு படத்தின் கதாசிரியர் வந்திருந்தார். படம் முடிந்ததும் சுபாங் ஜெயாவிலிருந்து வந்த மாணவன் ஒருவன் எழுந்து, "படத்தில் ஒன்றுமே நடக்கவில்லையே, நான் தூங்கிவிட்டேன்" என்றான். அம்மாள் கண்ணை இமைக்காமல், "உங்கள் படத்தின் அமைதி இவர் மனத்துக்கு ஓய்வு தந்ததாம்" என்று ஜப்பானிய மொழியில் சொன்னார். கதாசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பக்கமும் மெத்தை போடுவதுதான் நம் வேலை என்று அம்மாள் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நானும் வருஷக்கணக்கில் மெத்தை போட்டேன். அதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள், அதனால் எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இப்போது கிள்ளான் கதைக்கு வருகிறேன்.

விழாவுக்கு எப்போதும் வருகிற முகங்களே வருகின்றன, மற்றச் சமூகங்களையும் எட்டுங்கள் என்று ஒரு வருஷம் தோக்கியோவிலிருந்து உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. தமிழர்கள் நிறைய வாழும் கிள்ளான் நகரில் தமிழ் வசன வரிகளோடு ஒரு படம் போடலாம் என்று முடிவாயிற்று. அதுவும் நல்ல முடிவு. அத்தோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். ஆனால் தோக்கியோவில் எவனோ ஓர் ஆலோசகன், மலேசியத் தமிழர்கள் என்றால் யார் என்று இணையத்தில் தேடியிருக்கிறான். ரயில்வேயில் வேலை செய்ய வந்தவர்கள், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் என்று நாலு வரி அகப்பட்டிருக்கிறது. உடனே அவனுக்கு ஞானோதயம். தமிழர்களுக்கு ரயில் என்றால் உயிர், ரயில் படமே போடுவோம்!

படத்தில் ஒரு மலைக் கிராமத்தின் ரயில் பாதையை மூடப் போகிறார்கள். ஊர் சனங்கள் சேர்ந்து பாதையோரம் சூரியகாந்தி நட்டு, கெட்டுப்போன தண்டவாளத்தைத் தாங்களே சரிசெய்து அதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். நிகழ்ச்சிக்குத் தலைப்பும் வைத்துவிட்டார்கள்: 'தண்டவாளம் இணைக்கும் நெஞ்சங்கள்'.

தலைப்பைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஜப்பான்காரன், தமிழன், ரயில் என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதிக் கிள்ளானில் எந்த முதியவரிடம் காட்டினாலும் சயாம் மரண ரயில் என்றுதான் சொல்வார். யுத்த காலத்தில் ஜப்பான் ராணுவம் ரப்பர் தோட்டம் தோட்டமாகப் புகுந்து, நம் ஆட்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போய், சயாம் என்ற இன்றைய தாய்லாந்துக் காட்டில் ரயில் பாதை போட வைத்தது. போனவர்களில் ஏகப்பட்ட பேர் அந்தக் காட்டிலேயே காய்ச்சலிலும் பேதியிலும் செத்தார்கள். நம் வீடுகளில் இன்னும் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

அப்போது எங்கள் அலுவலகத் தலைவர் நிஷிமுரா சான். கெட்ட மனிதர் அல்லர். சாந்தமானவர், பியானோ வாசிப்பார், அலுவலகச் செடிகளுக்குத் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றுவார். இந்த மாதிரி நல்ல மனிதர் மேலதிகாரியாக வாய்த்தால் கஷ்டம்தான், வாய்விட்டுத் திட்டக்கூட முடியாது. கூட்டத்தில் எழுந்து, இந்தப் படம் கிள்ளானுக்கு வேண்டாம், காரணம் இது, என்று உடைத்தே சொன்னேன். அவர் பல்லிடுக்கில் காற்றை 'ஸ்ஸ்' என்று உள்ளே இழுத்தார். அந்த அலுவலகத்தில் அதற்கு 'முடியாது' என்று பொருள்.

"அது துயரமான கடந்த காலம்தான். ஆனால் இந்தப் படத்தில் யுத்தமே இல்லையே. சூரியகாந்திப் பூக்கள்தானே இருக்கின்றன?" என்றார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்தத் திட்டமானாலும் கூட்டத்துக்கு முன்பே காகிதம் மேசை மேசையாகச் சுற்றி, எல்லோருடைய சிவப்பு முத்திரையையும் வாங்கிவிடும். பிறகு கூடுவதெல்லாம் டீ குடிக்க. தமிழர்களுக்கான நிகழ்ச்சியின் காகிதம், அலுவலகத்தின் ஒரே தமிழச்சியின் மேசைக்கு மட்டும் வரவில்லை. கூட்டத்தில் போய் எதிர்ப்பது, தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று சொல்வது மாதிரி. ஆகவே நீங்கள் கூட்டம்வரை காத்திருக்காதீர்கள். காகிதம் சுற்றத் தொடங்கும்போதே மோப்பம் பிடித்துப் போய் மேசை முன்னால் நில்லுங்கள்.

சரி, ஜப்பான்காரருக்குத் தெரியவில்லை. நம்மவருக்குமா தெரியாது? மண்டபத்தை ஏற்பாடு செய்து கொடுத்தவர் கிள்ளானில் ஒரு சங்கத்தின் தலைவர், டத்தோ பட்டம் வாங்கியவர். அவருக்குப் போன் போட்டேன்.

"டத்தோ, இந்த ரயில் படம் வேணாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்டுக்குவாங்க. நம்ம ஆளுங்க சயாமுக்குப் போன கதை உங்களுக்குத் தெரியாததா?"

"அட, என்னாம்மா நீ! அதெல்லாம் பழைய கதை லா. நம்ம பிள்ளைங்க ஜப்பான்ல போய்ப் படிக்கணுமா வேணாமா? அவரு வராரு, மாலை போடுறோம், பொன்னாடை போத்துறோம், போட்டோ எடுக்கிறோம். ஸ்மூத்தா போவட்டும்."

"செத்தவங்க குடும்பமெல்லாம் வரும், டத்தோ."

"வரட்டுமே. பிரியாணி சொல்லியிருக்கு."

இதற்கு மேல் அந்த மனிதரிடம் என்ன பேச? போனை வைத்துவிட்டேன்.

கிள்ளான் லிட்டில் இந்தியா முழுக்கச் சுவரொட்டி ஒட்டினார்கள். பச்சை மலை, அடர்ந்த காடு, நடுவில் வளைந்து போகும் தண்டவாளம், மேலே தமிழில் அந்தத் தலைப்பு. ஒட்டிய இரண்டொரு நாளில் அலுவலகக் காவலாளி மேலே போன் செய்தார். கீழே ஒரு பெரியவர் சத்தம் போடுகிறார், யாராவது வாருங்கள் என்றார். இறங்கிப் போனேன். வெள்ளைச் சட்டை, கையில் சுருட்டிய சுவரொட்டி, சுவரிலிருந்து கிழித்தபோது பெயர்ந்து வந்த சுண்ணாம்புகூட அதில் ஒட்டியிருந்தது. ராமையா அங்கிள் என்று பெயர், கிள்ளானில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர், எண்பதைத் தாண்டியவர். எதிர்வீட்டுக்காரர் முதல் நகராண்மைக் கழகம் வரை எல்லோரோடும் சண்டை போட்டுப் பழகியவர் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. பக்கத்து மாமாக் டீக்கடைக்கு அழைத்துப்போய் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தேன்.

"இதப் போட்டது யாரு?" என்று சுவரொட்டியை மேசையில் விரித்தார்.

"எங்க ஆபீஸ்தான் அங்கிள்."

"ஆபீஸ்னா? ஜப்பான் கவர்மெண்டா?"

"அவங்க காசுலதான் நடக்குது."

"படம் நல்லாத்தான் லா இருக்கு. காடு, மலை, தண்டவாளம். எங்கப்பா போட்ட பாதையும் இப்படித்தான் இருந்திருக்கும்."

தெலுக் பங்லிமா காராங் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவர் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனபோது இவர் அம்மா வயிற்றில் இருந்தாராம். போனவர் திரும்பி வரவில்லை. நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரும்மா, நான் சண்டை போட வரல. காசும் கேக்கல. எங்கப்பா பேரு சின்னக்கருப்பன். நான் மூஞ்சி பார்த்ததில்ல, போட்டோ இல்ல, சமாதி இல்ல. அந்தப் பேரு மட்டுந்தான் இருக்கு. ஜப்பான் கவர்மெண்டு ஆளு ஒருத்தன் காதுல அத ஒரு தடவ போடணும். நான் செத்துட்டா அதச் சொல்ல ஆளில்ல. என் பசங்களுக்குத் தாத்தா பேரு கேட்டாத் தெரியாது."

அவர் கேட்டது இவ்வளவுதான். மேடையில் அரை நிமிஷம். மேலே போய் நிஷிமுரா சானிடம் சொன்னேன். மறுபடியும் அந்த 'ஸ்ஸ்'. பேசுகிறவர்கள் பட்டியல் தோக்கியோவுக்குப் போய்விட்டதாம், இனி ஒரு பெயரைச் சேர்ப்பது கொஞ்சம் சிரமமாம். பெரியவருக்கு ஆசை இருந்தால் படம் முடிந்தபின் கேள்வி கேட்கலாமாம், ஆனால் கேள்வி படத்தைப் பற்றி இருக்க வேண்டுமாம். இதை ராமையா அங்கிளுக்குப் போனில் சொன்னபோது எனக்கே நாக்குக் கூசியது. அவர் கத்துவார் என்று நினைத்தேன். "சரிம்மா, நான் வரேன்" என்று வைத்துவிட்டார். அவர் கத்தியிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அன்றைக்கு மண்டபம் நிறைந்து வழிந்தது. பாட்டிமார், பிள்ளைகுட்டிகள், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள், எல்லாரும் வந்திருந்தார்கள். டத்தோ குத்துவிளக்கு ஏற்றினார், பேசினார், மறுபடியும் பேசினார். ஜப்பான் நமக்குக் கற்றுக்கொடுத்தது உழைப்பு என்றார். உழைப்பாம்! எனக்கு எழுந்து போய் மைக்கைப் பிடுங்கலாமா என்றிருந்தது. நிஷிமுரா சான், நான் எழுதிக் கொடுத்த இரண்டு தமிழ் வாக்கியங்களை மனப்பாடமாகச் சொன்னார், கைதட்டல் பறந்தது. ராமையா அங்கிள் முன்வரிசை ஓரத்தில், அதே வெள்ளைச் சட்டையில், அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

படம் ஓடியது. பாதிக்கு மேல் அந்தக் காட்சி வந்தது. ஊர் சனங்கள் வரிசையாக நின்று, பாட்டுப் பாடிக்கொண்டு, தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளைத் தோளில் சுமந்து வருகிறார்கள். எடுத்தவன் ஆனந்தமாகத்தான் எடுத்திருந்தான், இசையெல்லாம் போட்டு. நடு வரிசையில் ஒரு மூதாட்டி விசும்பினார். பின்னால் இன்னொருவர். பிறகு அங்கங்கே மூக்கு உறிஞ்சும் சத்தமும், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழும் சத்தமும் கேட்டன.

நிஷிமுரா சான் என் பக்கம் குனிந்தார். இருட்டிலும் அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்குத் தெரிந்தது.

"பாருங்கள், படம் அவர்கள் மனதைத் தொட்டுவிட்டது. சினிமாவுக்கு எல்லையே இல்லை" என்றார்.

அத்தோடு நிற்கவில்லை. புகைப்படக்காரனுக்கு ஜாடை காட்டினார். அவன் குனிந்து குனிந்து போய், அழுகிற கிழவிகளின் முகத்துக்கு நேரே படம் பிடித்தான். அறிக்கைக்கு வேண்டுமே! நல்லெண்ணத்துக்கு ஈரத்தோடு சாட்சி கிடைத்துவிட்டதே! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அப்போதுதான் ராமையா அங்கிள் எழுந்தார். நேரே போய்த் திரைக்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்து நின்றார். தண்டவாளமும் சூரியகாந்தியும் அவர் வெள்ளைச் சட்டைமேல் ஓடின. "உக்காருங்க பெரியவரே, மறைக்குது" என்று ஒரு குரல். டத்தோவின் தடித்தடியான தொண்டர்கள் இரண்டு பேர் ஓடிப்போய் ஆளுக்கொரு பக்கம் அவர் கையைப் பிடித்தார்கள். படம் ஓட்டுகிற பெண் என்னைப் பார்த்தாள்.

"நிறுத்து. லைட்டப் போடு" என்றேன்.

நிஷிமுரா சான் திகைத்துத் திரும்பினார். அவரிடம் நான் நியாய தர்மம் பேசவில்லை. "ஜப்பானியப் படத் திரைக்கு முன்னால் எண்பது வயதுக்காரரை இழுத்துப் போட்டால், நாளைக் காலையில் மலேசியாவில் எல்லார் கைபேசியிலும் அதுதான் இருக்கும்" என்றேன். உடனே தலையாட்டினார். இதை நன்றாக மனதில் வையுங்கள்: அவசரத்தில் சரியான காரியத்தைச் செய்ய வேண்டுமானால், மேலிடத்துக்குப் பிடித்த காரணத்தைச் சொல்லிச் செய்யுங்கள். சரியான காரணத்தைப் பிறகு சாவகாசமாக விளக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

தொண்டர்களை விலகச் சொல்லிவிட்டு, மைக்கை ராமையா அங்கிள் கையில் கொடுத்தேன். நிமிர்ந்து நின்று பேசினார்.

"எங்கப்பா பேரு சின்னக்கருப்பன். சயாமுக்குப் போனாரு. வரல."

நிஷிமுரா சான் என்னிடம் கேட்டார்: "என்ன சொல்கிறார்?"

என்னிடம் மெத்தைக்குப் பஞ்சமில்லை. 'ரயில் பாதையில் வேலை செய்த தந்தையை நினைவுகூர்கிறார்' என்று சொல்லியிருக்கலாம். அதில் ஒரு பொய்கூடக் கிடையாது. அவர் உருகிப்போய்த் தலையாட்டியிருப்பார், பட்டனைத் தட்டிப் படத்தை ஓட்டியிருக்கலாம், என் வேலைக்கும் ஆபத்தில்லை. நான் சொன்னதைச் சரிபார்க்க இரண்டு மொழியும் தெரிந்த வேறு ஆள் அந்த மண்டபத்தில் இல்லை. ராமையா அங்கிள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர் தந்தையின் பெயர் சின்னக்கருப்பன். உங்கள் ராணுவம் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பி வரவில்லை. அந்தப் பெயரை ஜப்பான் அரசாங்கத்துக்காரர் காதில் போட வேண்டும் என்றுதான் இவர் வந்திருக்கிறார். இங்கே அழுகிறவர்கள் உங்கள் படத்துக்காக அழவில்லை" என்றேன்.

நிஷிமுரா சான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நாலடி நடந்து ராமையா அங்கிள் முன்னால் நின்று, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்து, இடுப்பிலிருந்து ஆழமாகக் குனிந்தார். அத்தனை வருஷத்தில் எத்தனையோ ஜப்பானியக் கும்பிடு பார்த்திருக்கிறேன். இது அந்த ரகம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்த மனிதரைப் பற்றி நினைத்ததையெல்லாம் ஒரு நொடி வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

நம் டத்தோவுக்கு என்ன தெரிந்தது? ஒரு கழுத்து குனிந்திருப்பது தெரிந்தது. வாழ்நாளெல்லாம் குனிந்த கழுத்தைக் கண்டால் பொன்னாடை போர்த்தியே பழகிய கை. உதவியாளன் தட்டிலிருந்து ஒன்றை உருவினார், ஒரே உதறு, நிஷிமுரா சான் தோளில் போர்த்திவிட்டார். அறிவிப்பாளன் ஒரு கூறுகெட்டவன், மைக்கில் "ஜப்பான் மலேசிய நட்புறவுக்கு நம் சமூகம் செலுத்தும் மரியாதை!" என்று கத்தினான். பின்வரிசை கைதட்டியது. புகைப்படக்காரன் சடசடவென்று அடித்துத் தள்ளினான். எங்கள் பழைய அலுவலக நடைவழியில் இன்னும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதே, தங்கச் சரிகைப் பொன்னாடையோடு அடக்கமாகக் குனிந்து நிற்கும் ஜப்பானியர், அந்தப் படம் இதுதான். மன்னிப்புக் கேட்ட மனிதனைப் பாராட்டு விழா நாயகனாக ஆக்கிவிட்டோம். இப்படியும் ஒரு சனம் உண்டா என்று அப்போது மனம் வெறுத்துப்போனேன்.

பழக்கதோஷம், நிஷிமுரா சானும் நிமிர்ந்து, டத்தோவுக்கு நன்றி சொல்வதுபோல் தலையசைத்துவிட்டார். ராமையா அங்கிள் முகத்தைப் பார்த்தேன். கைக்கு வந்ததைக் கண்முன்னால் பிடுங்கிக்கொண்டது போல் நின்றார்.

பிறகு மெதுவாகக் கையை நீட்டி, நிஷிமுரா சான் தோளிலிருந்து பொன்னாடையை உருவி, டத்தோவின் நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

"இத நீங்களே போத்திக்குங்க, டத்தோ."

கைதட்டல் நின்றது. ராமையா அங்கிள் என் பக்கம் திரும்பினார்.

"அவர மறுபடியும் குனியச் சொல்லும்மா. இது இல்லாம."

அலுவலகத் தலைவரைக் குனி என்று சொல்ல எந்த நிகழ்ச்சி அதிகாரிக்கும் உரிமை கிடையாது. டத்தோ என்னை முறைத்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் ராமையா அங்கிள் சொன்னதைச் சொன்னபடியே, ஒரு மரியாதைச் சொல்கூடச் சேர்க்காமல், ஜப்பானிய மொழியில் சொன்னேன். புகைப்படக்காரன் கேமராவைத் தூக்கினான். அதன் லென்ஸ்மேல் என் உள்ளங்கையை அப்பிவிட்டு, "எடுத்தே, கைய ஒடிச்சிடுவேன்" என்றேன்.

நிஷிமுரா சான் பல்லிடுக்கில் காற்றை இழுக்கவில்லை. என்னைப் பார்க்கவில்லை, டத்தோவையும் பார்க்கவில்லை. குனிந்தார். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. ராமையா அங்கிள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, தானும் கொஞ்சம் குனிந்து, அவர் காதோரம் வாயை வைத்து, "சின்னக்கருப்பன்" என்றார். தரையைப் பார்த்தபடியே நிஷிமுரா சான் அந்தப் பெயரைத் தட்டுத் தடுமாறித் திருப்பிச் சொன்னார். இன்னொரு முறை, கொஞ்சம் சரியாகச் சொன்னார்.

ராமையா அங்கிளுக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. நிஷிமுரா சான் முதுகு லேசாக நடுங்கத் தொடங்கியது. அவரும் வயதானவர்தானே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. கிட்டப் போய், "போதுமா அங்கிள்? நிமிரச் சொல்லவா?" என்று கேட்டேன்.

"இரும்மா," என்றார். "என்னா அவசரம்?"